5,000 பிட் நோட்டீஸும் ஒரு மீன் பையும்

எங்கள் வீட்டுப் பரணில் இன்னமும் ஒரு கட்டு பிட் நோட்டீஸ் கிடக்கிறது. பச்சைக் காகிதம், நடுவில் துணிப்பை படம், கீழே என் நம்பர். 2022 தை மாதம் பழைய வண்ணாரப்பேட்டையில் இரண்டு தையல் மெஷினோடு பை தைக்க ஆரம்பித்தோம், நானும், கொரோனாவில் வேலை போகும்வரை எக்ஸ்போர்ட் கம்பெனியில் என் பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருந்த அக்காவும். எம்.சி. ரோட்டில் கட் பீஸ் கிலோ கணக்கில் கிடைக்கிறது, தைக்கக் கை இருக்கிறது, பிளாஸ்டிக் கவருக்கு 2019 ஜனவரியிலேயே தடை வந்துவிட்டது, போதாததற்கு முந்தின மாதம்தான் அரசாங்கமே ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று ஊரெல்லாம் சொல்ல ஆரம்பித்திருந்தது. இதற்கு மேல் பை விற்காமல் எங்கே போய்விடும் என்று நினைத்தோம். விற்கவில்லை.

முதல் யோசனை நோட்டீஸ். பாரிமுனையில் போய் 5,000 அடித்தோம், பேப்பரும் அச்சுக்கூலியுமாக 4,000 சொச்சம் ஆனது. அதில் பாதியை பேப்பர் போடும் ஏஜென்ட்டிடம் கொடுத்து ஞாயிற்றுக்கிழமை பேப்பருக்குள் வைக்கச் சொன்னோம். அன்றைக்கு முழுக்க போனைக் கையில் பிடித்துக்கொண்டே சமைத்தேன். மூன்று அழைப்பு வந்தது. ஒரு அம்மா ஜாக்கெட் தைப்பீர்களா என்று கேட்டார். ஒருவர் ரேஷனில் கொடுக்கும் பையா என்று கேட்டார். மூன்றாமவர், நோட்டீஸ் நன்றாக வந்திருக்கிறதே, எங்கே அடித்தீர்கள், எவ்வளவு ஆச்சு என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டார்.

எங்கள் மாமா பேனர் கட்டலாம் என்றார். அனுமதி இல்லாமல் தெருவில் பேனர் கட்டக் கூடாது, 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஒரு பெண் உயிர் போனபிறகு எனக்கு அதை நினைக்கவே பிடிக்கவில்லை. சுவரில் ஒட்டுவதற்கும் 1959லிருந்தே சட்டம் இருக்கிறது. எல்லாரும்தான் ஒட்டுகிறார்கள் என்றார் மாமா. சரி, அந்தப் பேச்சு அதோடு போகட்டும்.

அடுத்தது இன்ஸ்டாகிராமில் காசு கட்டி விளம்பரம். 1,500 ரூபாய், ஐந்து நாள். எவ்வளவு தூரத்துக்குக் காட்டட்டும் என்று கேட்டது, நான் பேராசையில் மொத்தச் சென்னையையும் வளைத்துப் போட்டேன். பார்த்தவர்கள் ஆயிரக்கணக்கில். கீழே வரிசையாக ‘விலை?’, ‘விலை?’, ‘விலை?’. விலை 120 என்று பதில் போட்டால் அப்புறம் ஆளைக் காணோம். தாம்பரத்திலிருந்து ஒருவர் நிஜமாகவே வாங்க வந்தார், ஆனால் பையை அனுப்பும் செலவு பையின் விலையை எட்டிப் பிடித்துவிட்டது. தப்பு விளம்பரத்தில் இல்லை. வண்ணாரப்பேட்டைப் பையைத் தாம்பரத்தில் இருப்பவருக்குக் காட்டியது நான்தான்.

திருப்பம் வந்தது காசிமேட்டில். ஞாயிறு விடியற்காலை மீன் வாங்கப் போனபோது நாங்கள் தைத்த பையையே கொண்டுபோயிருந்தேன். மீன் வெட்டித் தரும் அக்கா ஒருவர் சங்கரா மீனைச் சுத்தம் செய்துகொண்டே பையைக் கண்ணால் எடை போட்டார். “பை நல்லாத்தான் கீது. மீன வெச்சா ஒழுகாதா?” என்றார். ஒழுகும் என்றேன். “அப்ப இத்த எடுத்துகினு மீனுக்கு வர்ற?” என்று கேட்டார். பதில் இல்லை. என் பையைத் தாண்டி சுடிதார்வரை மீன் தண்ணீர் வந்திருந்தது.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். ரெயின்கோட் தைக்கும் துணியை உள்ளே கொடுத்துப் பார்த்தோம், அப்படியும் சொட்டியது. காரணம் துணி இல்லை, தையல். அடியில் தையல் வந்தால் ஊசி போட்ட ஓட்டை ஒவ்வொன்றிலும் தண்ணீர் இறங்குகிறது. பிறகு அக்கா உள்பையை ஒரே துணியாக மடித்து, அடியில் தையலே வராமல் பக்கங்களை மட்டும் தைத்து, அந்தத் தையலையும் வெளிப்பக்கம் மடித்துவிட்டார். இரண்டு பட்டன் கழற்றினால் உள்பை தனியாக வந்துவிடும், அலசிக் காயப்போடலாம். குழாயடியில் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் தொங்கவிட்டோம். சொட்டவில்லை. எதிர்வீட்டுப் பாட்டிகூட வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

பத்துப் பை தைத்து, மீன் வெட்டும் பத்துப் பேருக்கு சும்மா கொடுத்தோம். விற்றால் ஒரு பைக்கு 20 ரூபாய் உங்களுக்கு, விலை 150, அவ்வளவுதான் பேச்சு. அவர்கள் பையை வெட்டும் இடத்துக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டிவைத்தார்கள். யோசித்துப் பாருங்கள், ஞாயிற்றுக்கிழமை அண்ணா நகரிலிருந்தும் கொளத்தூரிலிருந்தும் கார் எடுத்துக்கொண்டு வந்தவர் ஒன்றரைக் கிலோ வஞ்சிரத்தை வெட்டி வாங்கிக்கொண்டு, இதை எதில் போடுவது, கார் சீட் நாறுமே என்று முழித்துக்கொண்டு நிற்கும் அந்த நிமிடத்தில் அவர் கண்ணுக்கு நேரே பை தொங்குகிறது. நான் ஆறு மாதம் எழுதிப் பார்த்த எந்த வாசகமும் செய்யாத வேலை அது. முதல் மாதம் 64 பை போனது.

உடனே குஷியாகி நிறைய தைத்து அடுக்கியதும் இன்னொரு பாடம். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. காசிமேட்டில் கூட்டம் குறையும். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள், அது தெரியாதா? தெரியும். கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். இப்போது ஏப்ரல் பாதியிலேயே மீன் பையை நிறுத்திவிட்டு, ஜூன் பள்ளிக்கூடத் திறப்புக்கு சாப்பாட்டுப் பை தைக்க மாறிவிடுகிறோம்.

வாட்ஸ்அப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் ஏமாந்தவர்கள் நிறையப் பேர். பிராட்காஸ்ட் லிஸ்டில் 256 பேர் வரை சேர்க்கலாம், நானும் 180 பேரைச் சேர்த்து தீபாவளிக்குப் புது டிசைன் படங்களை அனுப்பினேன். 40 பேருக்குக்கூடப் போய்ச் சேரவில்லை. நம் நம்பரை அவர்கள் சேவ் செய்திருந்தால்தான் அந்தச் செய்தி அவர்களுக்குப் போகும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதன்பிறகு பை வாங்குகிறவர் ஜிபேயில் பணம் போடும்போதே, அக்கா, அப்படியே இந்த நம்பரை சேவ் செய்து ஒரு ஹாய் போட்டுவிடுங்கள், பட்டன் கழன்றால் இலவசமாகத் தைத்துத் தருகிறோம் என்று சொல்ல ஆரம்பித்தேன். அந்தப் பட்டனுக்காகத்தான் சேவ் செய்கிறார்கள். இதுவரை பட்டன் தைக்க வந்தவர்கள் நாலு பேர், நாலு பேரும் இன்னொரு பை வாங்கிக்கொண்டுதான் போனார்கள். லிஸ்டில் மாதத்துக்கு ஒன்றுக்கு மேல் அனுப்புவதில்லை. மற்றதெல்லாம் ஸ்டேட்டஸில், தைத்துக்கொண்டிருக்கும்போது எடுத்த படம், அக்கா கத்தரிக்கோலைத் தேடும் படம், இப்படி. அழகாக டிசைன் செய்து ‘ஆஃபர்’ என்று போட்டதைவிட இதற்குத்தான் பதில் வருகிறது.

கூகுள் மேப்பில் கடையை ஏற்றியது ஒரு கூத்து. எங்கள் சந்தில் ஆட்டோ நுழையாது. கடை உங்களுடையதுதான் என்று காட்ட ஒரே ஷாட்டில் வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னது. நான் உள்ளே மெஷினையும் பைகளையும் சுற்றிச்சுற்றி எடுத்து அனுப்பினேன், ஏற்கவில்லை. வெளியே போர்டே இல்லையே, எப்படி ஏற்பார்கள்? ஒரு பெயின்டரைப் பிடித்து, தகரத்தில் தமிழில் பெரிதாகவும் ஆங்கிலத்தில் சின்னதாகவும் எழுதி மாட்டினோம். இரண்டாம் தடவை தெருமுனைப் பெயர்ப்பலகையில் ஆரம்பித்து, பால் பூத், சந்து, தண்ணீர் டிரம் வரிசை, போர்டு, நான் சாவி போட்டுப் பூட்டைத் திறப்பது, உள்ளே மெஷின் என்று மூச்சுப் பிடித்துக்கொண்டு நடந்தேன். நடுவில் பக்கத்து வீட்டுப் பையன் குறுக்கே வந்து கையாட்டினான். பரவாயில்லை, ஏற்றுக்கொண்டார்கள். இதில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம், பையின் படத்தோடு சந்து முனையின் படத்தையும் போட்டது. வழி கேட்டு வரும் போன் பாதிக்குப் பாதி குறைந்தது.

அப்புறம், மாலை வகுப்பு நடத்தும் அண்ணன் கதை. காசிமேட்டுப் பக்கம் 38 பிள்ளைகள், படிப்பு, படம் வரைதல், போவதற்கு முன் ஒரு கிண்ணம் சுண்டல். பதிவு செய்த டிரஸ்ட், நன்கொடை தருபவருக்கு வருமான வரியில் கழிவு கிடைக்கும் 80ஜியும் இருக்கிறது. அண்ணனிடம் இருந்த விளம்பரம் ஒன்றே ஒன்று: ‘நன்கொடை தந்து உதவுங்கள்’, கீழே வங்கிக் கணக்கு எண். கம்பெனிகளுக்கு எத்தனையோ மெயில் அனுப்பியிருந்தார். கூகுள் தொண்டு நிறுவனங்களுக்கு மாதம் 10,000 டாலர் வரை தேடல் விளம்பரத்தை இலவசமாகத் தருகிறது, அதற்கு விண்ணப்பிக்கலாமே என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நல்ல விஷயம்தான், பெரிய அமைப்புக்குப் பிரயோஜனப்படும். ஆனால் அதற்கு முதலில் உருப்படியான வெப்சைட் வேண்டும், அண்ணனிடம் அது கிடையாது. அப்படியே இருந்தாலும் கூகுளில் போய் எங்கள் தெரு வகுப்பை யார் தேடப் போகிறார்கள்? படம் டிசைன் செய்யும் கேன்வா ப்ரோவும் தொண்டு நிறுவனங்களுக்கு இலவசம், அதை மட்டும் வாங்கிக்கொண்டோம்.

செய்தது சின்னதுதான். ‘ஒரு சாயங்காலம் 38 பிள்ளைகளுக்குச் சுண்டல், 400 ரூபாய்’ என்று எழுதி, அந்த மாதத்து நாட்களைக் கட்டம் போட்டு, எந்த நாள் காலியாக இருக்கிறது என்று படமாக அனுப்பினோம். எங்கள் பை வாங்கியவர்களுக்கும் போனது. முதல் மாதம் ஒன்பது கட்டம் நிரம்பியது, மூன்றாம் மாதம் பத்தொன்பது. பிறந்தநாள், அப்பா திதி, பையன் பாஸானது என்று ஆளுக்கொரு காரணம். தொகை தெரிந்தது, நாள் தெரிந்தது, அன்றைக்கு இரவே சுண்டல் குண்டான் படமும் ஒரு பிள்ளை நன்றி சொல்லும் வாய்ஸ் நோட்டும் போய்விடும். பிள்ளைகள் முகத்தைப் போடுவதில்லை என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்தோம். பரிதாபமாக ஒரு முகம் போட்டால் பணம் வரும், அது எனக்கும் தெரியும். நாளைக்கு அந்தப் பிள்ளை வளர்ந்து அந்தப் படத்தைப் பார்க்கும். கையும் நோட்டும் குண்டானும் போதும்.

80ஜியைப் பெரிய தூண்டிலாகப் போட வேண்டாம் என்று ஆடிட்டர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. புது வரி முறையில் இருப்பவர்களுக்கு அந்தக் கழிவே கிடையாது, ரொக்கமாக 2,000க்கு மேல் கொடுத்தாலும் கழிவு கிடைக்காது. கேட்பவர்களிடம் மட்டும் பான் நம்பர் வாங்கி, மே மாத முடிவுக்குள் டிரஸ்ட் வருமான வரித் துறைக்குக் கொடுக்க வேண்டிய கணக்கைக் கொடுத்துவிட்டு, சான்றிதழை அனுப்புகிறோம். ஒரு தடவை ஒருவருடைய பான் நம்பரில் ஒரு எழுத்தை மாற்றிப் போட்டுவிட்டு அண்ணன் பட்ட பாடு தனிக்கதை.

மிஞ்சிய நோட்டீஸ் கட்டுகளுக்கு விமோசனம் கிடைத்ததும் அங்கேதான். ஒரு பக்கம்தான் அச்சு, பின்பக்கம் வெள்ளை. பிள்ளைகள் அதில் ஃபைபர் படகு, கேரம் போர்டு, ஐஸ் வண்டி என்று வரைந்து தள்ளினார்கள். அதில் சிலதைப் பெற்றோரிடம் எழுதி வாங்கிக்கொண்டு பையில் ஸ்கிரீன் பிரின்ட் போட்டோம், பைக்கு 10 ரூபாய் வகுப்புக்கு. 11 வயசுப் பெண் ஒருத்தி ராயபுரம் ரயில் நிலையத்தை வரைந்திருந்தாள், தூண்களை மட்டும் வரிசையாக, ரயிலே இல்லாமல். 1856ல் திறந்த நிலையம், தென்னிந்தியாவின் முதல் நிலையம், ஆகஸ்டில் சென்னை தினத்தை ஒட்டி அதைப் பார்க்க அடையாறு, மயிலாப்பூர் பக்கமிருந்தெல்லாம் கூட்டமாக வருவார்கள். அப்படி ஒரு கூட்டத்தைச் சுற்றிக்காட்டக் கூட்டிவந்தவரிடம், கடைசியில் நாங்கள் பேச இரண்டு நிமிடம் மட்டும் கேட்டோம். அண்ணன் பேசினார், நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எந்தத் தூண் இது என்று கட்டடத்தையும் பையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். கொண்டுபோன 30ல் 24 அங்கேயே போனது. அந்தப் பெண்ணுக்கு ஒரு கலர் பென்சில் டப்பாவும் முதல் பையும்.

போன வாரம் மீன் வெட்டும் அக்கா, அதே அக்காதான், போன் செய்தார். வாடிக்கைக்காரர்கள் இப்போது முந்தின நாள் ராத்திரியே போன் போட்டு மீன் சொல்லிவைக்கிறார்களாம். “உன் நம்பர மட்டும் போட்டுகினா எப்டி? என் நம்பரையும் போட்டு ஒரு அம்பது பை குடு. எழுத்து பெர்சா இருக்கணும், சொல்ட்டேன்” என்றார். பாதிப் பணத்தை அப்போதே ஜிபேயில் அனுப்பிவிட்டார். எந்தப் பக்கம் அவர் நம்பர், எந்தப் பக்கம் எங்கள் நம்பர் என்று இன்றைக்குக் காலையிலிருந்து அக்காவும் நானும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.