எது துப்பாக்கி?

பக்கத்து வீட்டுப் பெரியவர் காலையிலேயே காரேஜ் மேசையில் தன் ரூகர் 10/22 ரைஃபிளைப் பிரித்துப் போட்டிருந்தார்.

ரெண்டே ஸ்க்ரூ. குழலைப் பிடித்திருந்த வி வடிவக் கட்டை கழன்றதும் குழல் கையோடு வந்துவிட்டது. சைக்கிள் சீட்டைக்கூட இவ்வளவு சுலபமாக நான் கழற்றியதில்லை.

1964-இல் வந்த, சின்ன .22 தோட்டா போடும் ரகம். டெக்சாஸில் பாதிப் பேர் சுடப் பழகியதே இதில்தானோ என்று தோன்றும். வெளிக் கம்பெனிகள் இதற்குச் செய்யாத பாகமே இல்லை.

அவருடையதில் குழல் புதுசு, விசை புதுசு, தோளில் வைக்கும் கட்டையும் புதுசு. பழசில் மிச்சம், இந்தப் பாகங்களெல்லாம் வந்து பொருந்தும் நடுக்கூடான அந்த அலுமினிய ரிசீவர். வரிசை எண் அதில்தான் இருக்கிறது. அமெரிக்கக் கூட்டரசுச் சட்டத்துக்கு அதுதான் துப்பாக்கி! மற்றதெல்லாம் உதிரி பாகம், கூரியரில் வாசலுக்கே வரும்.

கழற்றிய பழைய பாகங்களை ஓர் அட்டைப்பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறார்.

"ஒரு ரிசீவர் மட்டும் வாங்கினால் இன்னொன்று ரெடி" என்றார் மெதுவாக.

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல்: "போன தடவையும் இதையேதான் சொன்னீங்க."