ஒரு மேசை, ஐந்து வாசிப்புகள்

சிறு குழுவில் வாசிக்க வைப்பது என்றாலே, ஐந்து பிள்ளைகளை மேசையைச் சுற்றி உட்காரவைத்து ஆளுக்கு ஒரு வரியாக வாசிக்கச் சொல்வதுதான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. அவ்வாறு செய்யும்போது ஒருவர் வாசிக்க, மற்ற நால்வரும் தங்கள் முறைக்கு வரப்போகும் வரியில் விரலை வைத்துக் காத்திருக்கிறார்கள். கதை ஒருவருக்கும் முழுதாகக் கிடைப்பதில்லை. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டங்களிலிருந்து வரும் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குக் கற்பிக்கும் நான் இம்முறையை விரும்புவதில்லை. ஐவரும் ஒரே நூலை முதல் பக்கத்திலிருந்து தத்தம் வேகத்தில் மெல்லிய குரலில் வாசிக்க, நான் நாற்காலியை ஒரு பிள்ளையின் அருகே நகர்த்திக்கொண்டு, ஓரிரு நிமிடங்கள் அப்பிள்ளையின் வாசிப்பை மட்டும் கேட்கிறேன். முடித்துவிட்டவர்கள் மீண்டும் தொடக்கத்திலிருந்து வாசிப்பார்கள்.

பிள்ளை தடுமாறும்போது சில நொடிகள் பேசாமல் இருப்பதே ஆசிரியருக்குக் கடினமான வேலை. சொல்லை உடனே எடுத்துக் கொடுத்துவிட்டால், அடுத்த தடுமாற்றத்தில் அதன் கண் நூலை விட்டு நம் முகத்துக்கு வந்துவிடும். அதன் பிறகு தரும் உதவியும் எல்லாருக்கும் ஒன்றாக இருக்க முடியாது. 'கொடி' என்பதைக் 'கெடி' என்று வாசிப்பவன் இடப்பக்கக் கொம்பைக் கண்டுவிட்டான், வலப்பக்கத் துணைக்காலைக் கவனிக்கவில்லை; அந்தக் காலை விரலால் தொட்டுக் காட்டினால் போதும். 'தோட்டத்திலிருந்து' என்ற நீண்ட சொல்லின் தலையை மட்டும் பார்த்து 'தோட்டம்' என்று சொல்லிக் கடந்துவிடுபவளுக்குப் பின்பாதியை மறைத்து, முதலில் 'தோட்டத்தில்', பிறகு 'இருந்து' என்று திறந்து காட்ட வேண்டும். 'பகல்' என்பதை எழுத்தெழுத்தாக வாசிப்பவன் ககரத்தை வல்லோசையோடு ஒலிப்பதால், தனக்கு நன்கு தெரிந்த சொல்லையே அடையாளம் காணாமல் விழிக்கிறான். தமிழில் ககரம் சொல்லின் நடுவே மென்மையாக ஒலிப்பதால், எழுத்துகளைச் சேர்த்துச் சொல்லச் சொன்னால் மட்டும் போதாது, "இது நீ கேட்டிருக்கும் எந்தச் சொல்லைப் போல இருக்கிறது?" என்று கேட்டுச் செவியையும் துணைக்கு அழைக்க வேண்டும். படத்தைப் பார்த்துச் சொல்லை ஊகிக்க நான் தூண்டுவதில்லை. வாசித்த பிறகு பொருள் பொருந்துகிறதா என்று சரிபார்க்கவே படம் பயன்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

'போனார்கள்' என்று அச்சிட்டிருப்பதைப் 'போனாங்க' என்று வாசிப்பவளின் நிலை வேறு. அவள் கதையைப் புரிந்துகொண்டு, வீட்டுப் பேச்சில் சொல்கிறாள். முதலில் அந்தப் புரிதலைப் பாராட்டிவிட்டு, பிறகு சொல்லின் இறுதியை மீண்டும் பார்க்கச் சொல்வேன். 'பழம்' என்பதைப் 'பளம்' என்று சொல்பவனைக் கதையின் நடுவே நிறுத்தவே மாட்டேன். அவன் எழுத்தைச் சரியாகவே கண்டிருக்கிறான், நாவைப் பழக்க வேறு வேளை இருக்கிறது. ரூமி எனப்படும் உரோமன் எழுத்தில் மலாயையும் ஆங்கிலத்தையும் உடன் கற்கும் இப்பிள்ளைகள் சுமப்பது குறைவன்று.

கேட்டதை உடனே எழுதிவைக்க, நியூசிலாந்துக் கல்வியாளர் மேரி கிளே வகுத்த முறையைப் பின்பற்றுகிறேன்: சரியாக வாசித்த ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சரிக்குறி, பிழையானால், நூலில் உள்ள சொல்லுக்கு மேலே பிள்ளை சொன்னதை அப்படியே எழுதுவது. 100 சொற்களில் 10க்கு மேல் பிழை வந்தால் அந்த நூல் அப்பிள்ளைக்கு இன்னும் கடினம். எண்ணிக்கையைக் காட்டிலும் எனக்குப் பயன்படுவது எழுதிவைத்த பிழைகள்தாம், அடுத்த குழுவை அவற்றைக் கொண்டே அமைக்கிறேன். கெட்டிக்காரர் குழு, மெதுவானவர் குழு என்று ஆண்டு முழுவதும் மாறாமல் நிற்கும் பிரிவுகளை நான் ஏற்பதில்லை. இப்போது கொம்பும் காலும் சேர்ந்த எழுத்துகளில் இடறும் நால்வர் ஒன்றாக அமர்கிறார்கள். அவர்களில் இருவர் நீண்ட கதைகளைத் தாமாகவே வாசிக்கக்கூடியவர்கள். இந்த இடறல் நீங்கியதும் அந்த இருவரும் வேறு மேசைக்குச் செல்வார்கள்.