பிளேடைக் கழற்றும் நேரம்

அறுவையின்போது மருத்துவருக்குக் கருவிகளை எடுத்துத் தரும் ஸ்க்ரப் செவிலியராக நான் பணியில் சேர்ந்த முதல் ஆண்டில் இடக்கைச் சுட்டுவிரலில் பட்ட வெட்டு, அறுவைக் கத்தியின் ஹேண்டிலில் (கைப்பிடியில்) பிளேடைப் பொருத்தும்போது நேரவில்லை. அறுவை முடிந்து, எல்லோரும் சற்றே தளர்ந்திருந்த வேளையில், ஃபோர்செப்ஸ் என்ற இடுக்கியைத் தேடி எடுக்காமல் விரலாலேயே அதைக் கழற்ற முயன்றபோதுதான் நேர்ந்தது. அதனால்தான் புதிதாக வருபவர்களுக்குக் கழற்றும் முறையை முதலில் கற்றுக்கொடுக்கிறேன்.

ஹேண்டிலின் பிளேடு முனை கீழ்நோக்கியும், கூர்விளிம்பு நம்மிடமிருந்தும் அருகில் நிற்பவரிடமிருந்தும் விலகியும் இருக்க வேண்டும். ரத்தக் குழாயைப் பற்றும் இடுக்கியான ஆர்ட்டரி ஃபோர்செப்ஸால் பிளேடின் அடிப்பகுதியை, அதாவது ஹேண்டிலோடு சரிவாகச் சேரும் மூலையை, இறுகப் பற்றிச் சற்றே உயர்த்தினால் அது பள்ளத்திலிருந்து விடுபடும். பிறகு முன்னோக்கித் தள்ளினால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். வராவிட்டால் வலிந்து இழுக்கக் கூடாது, ஏனெனில் திடீரென விடுபடும் பிளேடு எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது. கழற்றியதை ஃபோர்செப்ஸிலிருந்து விடாமலே, துளைபடாத வெள்ளை நிறக் கூர்பொருள் பெட்டிக்குள் நேராகப் போட வேண்டும். முக்கால் பங்கு நிறைந்த பெட்டியில் மேலும் ஒன்றைத் திணிப்பதும் ஆபத்தே.

பொருத்துவதில் முதலில் பார்க்க வேண்டியது எண். 3ஆம் எண் ஹேண்டிலுக்கு 10, 11, 12, 15 ஆகிய பிளேடுகளும், 4ஆம் எண்ணுக்கு 20 முதல் 24 வரையிலானவையும் சேரும். மாற்றிப் பொருத்தினால் சரியாக அமராது. உறையைப் பிரித்ததும் பிளேடின் மழுங்கிய முதுகுப் பக்கத்தை ஃபோர்செப்ஸால் பற்றி, அதன் துளையை ஹேண்டிலின் பள்ளங்களில் செலுத்தி, 'கிளிக்' என்ற ஒலியோடு அடிச்சரிவு ஹேண்டிலின் சரிவோடு பொருந்தும்வரை தள்ள வேண்டும். இதற்குத் தையல் ஊசியைப் பிடிக்கும் நீடில் ஹோல்டரைப் பயன்படுத்துவதை நான் விரும்புவதில்லை. அதன் தாடைகள் தேய்ந்தால் பின்னர் ஊசி நழுவும். மருத்துவரிடம் தரும்போது, அவர் மறுக்காதவரை, கிட்னி டிரே எனும் வளைந்த தட்டில் வைத்தே தருகிறேன்.

எனக்கு வெட்டுப் பட்ட அன்று, யாரும் கடிந்துகொள்வார்களோ என்ற பயத்தில் இரண்டு மணி நேரம் சொல்லாமலே இருந்துவிட்டேன். காயத்தைப் பிழியாமல் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவி, உடனே பொறுப்பாளரிடம் சொல்லியிருக்க வேண்டும். எச்.ஐ.வி.க்கான தடுப்பு மருந்தை, தேவைப்பட்டால், கூடிய விரைவில், 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். அந்த நோயாளியின் ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை நான் உறங்கவில்லை.