வடகிழக்கில் அணைந்த விளக்குகள்: வள்ளியூர் பக்கத்து நாட்குறிப்பு

பிப்ரவரி 18, 2025, செவ்வாய்

மாலை ஏழரை மணிக்குத் தெருவில் மின்சாரம் இல்லை. மொட்டை மாடியில் காற்று வாங்கிக்கொண்டிருந்த என்னைப் பக்கத்து வீட்டு அண்ணாச்சி மதிலுக்கு அப்பாலிருந்து கூவி அழைத்தார். தென்மேற்கே ஆரல்வாய்மொழிப் பக்கத்து மலைக்கு மேலிருந்து ஒளிப்புள்ளிகளின் வரிசை ஒன்று, நூலில் கோத்தது போல இடைவெளி மாறாமல், ஓசையின்றி ஏறி வந்து, தலைக்கு மேலே திருவாதிரைக்கும் ரோகிணிக்கும் நடுவே கடந்து, வடகிழக்கில் தென்னை உச்சிக்குச் சற்று மேலே ஒவ்வொன்றாக அணைந்தது. நான் எண்ணியவரை 21 புள்ளிகள். தெருவில் இருந்தவர்களில் பாதிப் பேர் "மகேந்திரகிரியில் ஏதோ சோதனை" என்றார்கள். இஸ்ரோவின் எஞ்சின் சோதனைக்கூடம் அங்கே இருப்பதால், எங்கள் பக்கத்தில் வானத்தில் எது தெரிந்தாலும் முதல் பழி அதற்குத்தான். அண்ணாச்சி மட்டும் அதை ஏற்கவில்லை. "இது நம்ம ஆளுங்க செஞ்சதில்ல தம்பி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பிப்ரவரி 19, புதன்

அண்ணாச்சி தாம் கண்டதைப் பேரனின் கணக்கு நோட்டில் வரைந்து வைத்திருந்தார். இரு முனைகளும் மேல்நோக்கி வளைந்த நீண்ட படகு; அதன் பக்கவாட்டில் வரிசையாகச் சன்னல்கள்; சன்னல்களுக்குக் கீழே பென்சிலால் அழுத்தித் தீட்டிய கரிய அடிவயிறு. அந்த அடிவயிறு நட்சத்திரங்களை மறைத்துக்கொண்டே போனதாக அவர் உறுதியாகச் சொன்னார். நானோ இரண்டு புள்ளிகளுக்கு இடையே மிருகசீரிடத்தின் சிறு விண்மீன்கள் மினுங்கியதைப் பார்த்திருந்தேன். அவர் பொய் சொல்லும் மனிதர் அல்லர். ஐம்பது ஆண்டுகளாகப் பலசரக்குக் கடையில் ஒரு ரூபாய்க் கணக்குத் தவறாதவர். ஒரே தெருவில் நின்று ஒரே வரிசையைப் பார்த்த இருவரில் ஒருவருக்குப் படகு கிடைத்தது எப்படி என்பதுதான் இன்று முழுவதும் என் மனத்தில் ஓடியது.

நாங்கள் பார்த்தது இணையச் சேவைக்காக ஏவப்படும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களின் தொடர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஒரே ராக்கெட்டில் ஏற்றிச் செல்லப்படும் அவை சுமார் 300 கிலோமீட்டர் உயரத்தில் ஒன்றாக விடுவிக்கப்படுவதால் முதல் சில நாட்கள் ரயில் பெட்டிகளைப் போல ஒன்றன்பின் ஒன்றாகச் செல்கின்றன. பிறகு ஒவ்வொன்றும் தன் உந்துவிசையால் மெல்ல மேலேறும்போது வரிசை கலைந்து, ஒளியும் மங்கிவிடுகிறது. முதல் பெருந்தொகுதியான 60 செயற்கைக்கோள்கள் 2019 மே மாதம் ஏவப்பட்ட மறுநாள் இரவு, நெதர்லாந்தின் லைடன் நகரில், செயற்கைக்கோள்களைக் கண்காணித்துவரும் மார்கோ லாங்புரூக் அந்த வரிசையைப் படம்பிடித்தார். அவர் அதை எதிர்பார்த்துக் காத்திருந்தவர். எதிர்பாராமல் பார்த்தவர்களிடமிருந்து அந்நாட்டுப் பறக்கும் தட்டுப் புகார்த் தளத்திற்கு அன்றிரவே நூற்றுக்கும் மேற்பட்ட செய்திகள் போயின.

பிப்ரவரி 20, வியாழன்

அண்ணாச்சியின் படகுக்கு முன்னோடி இருக்கிறது. 1968 மார்ச் 3 அன்று இரவு, சோவியத் நாட்டின் ஸோண்ட் 4 விண்கலத்தை ஏற்றிச் சென்ற ராக்கெட்டின் பகுதி அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களுக்கு மேலே வளிமண்டலத்துள் நுழைந்து, துண்டு துண்டாக எரிந்துகொண்டே போயிற்று. பார்த்தவர்களில் பெரும்பாலோர் எரியும் துண்டுகள் என்றே எழுதியிருக்க, சிலர் சுருட்டு வடிவான ஒரே கலத்தையும் அதன் பக்கத்தில் வரிசையான சதுரச் சன்னல்களையும் விவரித்தார்கள். ஓர் ஆசிரியை தம்முடைய நாய் அஞ்சி ஒடுங்கியதையும் சேர்த்து எழுதினார். பறக்கும் தட்டுகளைப் பற்றிக் கொலராடோ பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் காண்டன் தலைமையில் நடந்த ஆய்வு இந்தக் கடிதங்களையெல்லாம் தொகுத்து வைத்திருக்கிறது.

இருட்டில் ஒன்றாக நகரும் புள்ளிகளைக் கண் தனித்தனியாக விடுவதில்லை. அவற்றுக்கு ஓர் உடம்பைக் கொடுத்து, விளக்கு என்றால் அது ஏதோ ஒன்றில் மாட்டியிருக்க வேண்டும் என்ற பழக்கத்தால் சன்னலையும் சுவரையும் தானே கட்டிக்கொள்கிறது. அண்ணாச்சி இளமையில் தூத்துக்குடியில் தோணிகளோடு பழகியவர். ஆகவே அவருக்குச் சுருட்டு வரவில்லை, படகு வந்தது.

பிப்ரவரி 22, சனி

பிறரைப் பற்றி இவ்வளவு எழுதிய பிறகு என் கதையையும் எழுதாமல் விடுவது நியாயமில்லை. 2004ஆம் ஆண்டு ஒரு கோடைக்கால மாலையில் இதே மாடியில், வெறும் வானத்தில் ஓர் ஒளி தோன்றி, வெள்ளியைவிடப் பல மடங்கு பிரகாசமாக வளர்ந்து, பத்து வினாடிகளுக்குள் ஒன்றுமில்லாமல் போனது. யாரோ என்னை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அணைத்தது போலவே இருந்தது. நான்கு ஆண்டுகள் அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. பிறகுதான் தொலைபேசித் தொடர்புக்கான இரிடியம் செயற்கைக்கோள்களைப் பற்றிப் படித்தேன். 1997 முதல் ஏவப்பட்டு, சுமார் 780 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிய அவை ஒவ்வொன்றிலும் கதவு அளவில் மூன்று பளபளப்பான தட்டை அலைவாங்கிகள் இருந்தன. அவற்றில் ஒன்று சூரிய ஒளியைக் கண்ணாடி போலத் திருப்பிவிடும்போது தரையில் அந்த ஒளிப்பட்டையின் நடுவே நிற்பவருக்கு மட்டும் அப்படித் தெரியும். அந்தப் பழைய செயற்கைக்கோள்களில் பெரும்பாலானவை இன்று கீழிறக்கப்பட்டுவிட்டன. விளக்கம் கிடைத்த அன்று எனக்கு நிம்மதியைவிடச் சிறிய ஏமாற்றமே மிகுதியாக இருந்தது என்பதையும் எழுதி வைக்கிறேன். அண்ணாச்சியிடம் பேசும்போது அதை மறக்கக் கூடாது.

பிப்ரவரி 23, ஞாயிறு

அண்ணாச்சி தம் கட்சிக்கு ஆதாரமாகச் சொல்வது அன்று அந்த வரிசை மறைந்த விதத்தைத்தான். மேகமும் இல்லை, மலையும் இல்லை. நட்டநடு வானத்தில் எப்படி மறையும் என்கிறார். கேள்வி சரியானது. செயற்கைக்கோளுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. நமக்கு இருட்டிய பிறகும் அந்த உயரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருப்பதால்தான் அது தெரிகிறது. கிழக்கிலிருந்து மேலேறி வரும் பூமியின் நிழலுக்குள் நுழைந்த கணத்தில் அது அணைந்துவிடும். எங்கள் ஊரில் சூரியன் ஏறத்தாழச் செங்குத்தாக இறங்குவதால் நிழலும் விரைந்து ஏறுகிறது: சுமார் 420 கிலோமீட்டர் உயரத்தில் செல்வது, சூரியன் மறைந்து எண்பது நிமிடம் கழிந்தால், தலைக்கு நேர் மேலே வந்தாலும் தெரியாது. ஜூன் மாதத்து நெதர்லாந்திலோ சூரியன் அடிவானத்துக்குக் கீழே அதிகம் இறங்குவதே இல்லை. அங்கே இரவு முழுவதும் இவை தெரியும்.

வாயால் சொல்வதைவிடக் காட்டுவது மேல் என்று, இன்று சர்வதேச விண்வெளி நிலையம் கடக்கும் நேரத்துக்கு அவரை மாடிக்கு அழைத்துவந்தேன். கால்பந்து மைதானத்தின் அளவுள்ள அது, மணிக்குச் சுமார் 28,000 கிலோமீட்டர் வேகத்தில் சிமிட்டாத ஒற்றை விளக்காக ஏறி வந்தது. "சுனிதா வில்லியம்ஸ் இதுலதான் இருக்காங்க" என்றேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே நின்றார். கிழக்கே இறங்குகையில் வெள்ளை பழுப்பாகி, பழுப்பு செம்மையாகி, கனல் அவிவது போல மூன்று நான்கு வினாடிகளில் அது போய்விட்டது. "அந்தியை அதுக்குள்ள இருந்து பார்த்திருப்பாங்க" என்றார். எனக்கு இது தோன்றியதே இல்லை.

பிப்ரவரி 26, புதன்

சிவராத்திரி. கோயில் வாசலில் அண்ணாச்சி நான்கைந்து பேரிடம் பூமியின் நிழலை விளக்கிக்கொண்டிருந்தார். அதில் பாதி சரி. படகின் அடிவயிற்றை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. நோட்டில் சன்னல்களை அழித்துப் புள்ளிகளாக்கியிருந்தார், கரிய வயிறு அப்படியே இருந்தது. கேட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், 1957இல் தம் தந்தை முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக்கைக் கண்ணால் கண்டதாகச் சொன்னார். 58 சென்டிமீட்டர் உருண்டையான ஸ்புட்னிக் வெறுங்கண்ணுக்கு எளிதில் தெரியக்கூடியது அன்று. அன்று உலகமெங்கும் மக்கள் பார்த்தது பெரும்பாலும் அதோடு சேர்ந்து சுற்றிய ராக்கெட்டின் உடலைத்தான். சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் பிரசாதத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

கோள்களின் அணிவகுப்பு என்று தொலைக்காட்சியில் சொன்னதால் ஊரே மாடியில் நின்றது. குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டி இன்றோடு ஓராண்டு. அங்கிருந்து ராக்கெட் கிளம்பும் மாலைகளில் எங்கள் தெருவில் என்னென்ன வரையப்படும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழு மணி நாற்பது நிமிடத்துக்கு, வடக்கே தாழ்வாக ஓர் ஒளி பளிச்சிட்டது. சிறிது தள்ளி மறுபடி, இன்னும் சிறிது தள்ளி மறுபடி. ஆறு முறை பளிச்சிட்டு நின்றுவிட்டது. புரண்டுகொண்டே சுற்றும் பழைய ராக்கெட் உடல் இப்படி மின்னுவது உண்டு. ஆனால் நேரத்தையும் திசையையும் வைத்துச் செயலியில் தேடியபோது பொருந்துவது எதுவும் அகப்படவில்லை. அண்ணாச்சி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"அப்பம் இது அடையாளம் தெரியாததுதானே தம்பி?"

ஆமாம் என்றேன். அவருடைய நோட்டை வாங்கி, படகுக்கு அடுத்த பக்கத்தில், 7.40, வடக்கு, ஆறு மின்னல்கள், அடையாளம் தெரியவில்லை என்று எழுதினேன்.