டிரைவர் மாநாட்டுக்கு மூட்டை கட்டும் முன்

வன்பொருள் செய்வோருக்கும், அதை இயக்க முறைமையோடு இணைக்கும் மென்பொருளான டிரைவரை எழுதுவோருக்குமான மாநாடு என்றதும் பலர் முதலில் திறப்பது அமர்வு அட்டவணையைத்தான். அதைக் கடைசியில் பார்த்தால் போதும். உரைகளின் ஸ்லைடுகள் பிறகு கைக்கு வந்துவிடும், பெரும்பாலும் காணொளியும் கிடைக்கும். லேப் மேசையில் கர்னல் (இயக்க முறைமையின் மையப் பகுதி) குழுவின் பொறியாளர் உட்கார்ந்து உங்கள் டம்பை, அதாவது கணினி விழுந்த கணத்தின் நினைவகப் பதிவை, திறந்து பார்க்கும் அரை மணி நேரம் மட்டும் பிறகு எங்கும் கிடைக்காது. அந்த அரை மணியில் இருபது நிமிடத்தை "சிம்பல் (நினைவக முகவரிகளுக்குப் பெயர் தரும் கோப்பு) எங்கே, இது எந்த பில்டு (தொகுத்த பதிப்பு)" என்று தேடியே தொலைப்பவர்களை ஒவ்வொரு மாநாட்டிலும் பார்க்கலாம். அதனால் இங்கே பேசப்போவது போகுமுன் முடிக்க வேண்டிய வேலையைப் பற்றி.

எந்த மாநாடு என்பதைப் பொறுத்து அந்த வேலை மாறும். மைக்ரோசாஃப்ட் 1992-இல் தொடங்கி 2008 வரை நடத்திய வின்ஹெக், 2015-இல் ஷென்செனில் மீண்டும் நடந்தது. அது உரையும் லேபும் கலந்த வகை. 2008-இல் தொடங்கிய லினக்ஸ் பிளம்பர்ஸ் மாநாட்டின் மைக்ரோ மாநாடுகளில் ஸ்லைடு காட்டிப் பேசுவதைவிட விவாதத்துக்கே இடம் அதிகம். யுஎஸ்பி தரநிலையைப் பராமரிக்கும் யுஎஸ்பி-ஐஎஃப் அமைப்பு நடத்தும் இணக்கச் சோதனைப் பட்டறையில் உரையைத் தேடிப் போக வேண்டாம், அங்கே உங்கள் பொருள்தான் பேச வேண்டும்.

காகித வேலையை முதலில் முடித்துவிடுங்கள், அதுதான் நம் கையில் இல்லாதது. முன்னோட்ட பில்டு தரும் மாநாடுகளில் ரகசிய ஒப்பந்தம் இருக்கும். அதில் கையெழுத்திட உங்களுக்கு அதிகாரம் உண்டா, நிறுவனத்தின் சட்டப் பிரிவு போட வேண்டுமா என்று கேட்டு வையுங்கள். வாசலில் நின்றுகொண்டு இதைத் தீர்க்க முடியாது. விண்டோஸ் 10-இன் 1607 பதிப்பிலிருந்து (2016) புதிய கர்னல் டிரைவர்கள் மைக்ரோசாஃப்ட்டின் டெவலப்பர் போர்ட்டல் வழியாகக் கையொப்பம் பெற வேண்டும். அந்தக் கணக்கைப் பதிவு செய்ய ஈவி சான்றிதழ் (நிறுவனத்தைக் கூடுதலாகச் சரிபார்த்துத் தரும் கையொப்பச் சான்றிதழ்) தேவை. சான்றிதழ் தருபவர் நிறுவனத்தைச் சரிபார்த்து முடிக்க நாளாகும். மாநாட்டுக்கு முந்தைய வாரம் ஆரம்பித்தால் டெஸ்ட் கையொப்பம் (சோதனைக்கு மட்டும் நாமே போடுவது) போட்ட டிரைவரோடுதான் போக வேண்டியிருக்கும். அதை ஏற்ற, நம்பகமான கையொப்பம் இல்லாததைத் தொடக்கத்தில் தடுக்கும் செக்யூர் பூட்டை அணைக்க வேண்டும், அடுத்த மேசைக்காரர் தன் கணினியில் அதற்குச் சம்மதிக்க மாட்டார்.

வெளிநாடு என்றால் மாதிரிப் பலகைகளுக்கு ஏடிஏ கார்னே எடுத்துவிடுங்கள். ஓராண்டு வரை செல்லும், போன பொருள் திரும்பி வரும் என்பதற்கான சுங்க ஆவணம் அது. பட்டியலில் எழுதிய தொடர் எண்ணும் பலகையில் ஒட்டிய தொடர் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். லித்தியம் மின்கலம் உள்ள உதிரிகளையும் பவர் பேங்கையும் கைப்பையில்தான் எடுத்துச் செல்ல வேண்டும். மின்கலத்தின் கொள்ளளவு 100 வாட்-மணியை (Wh) தாண்டினால் விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும்.

இனி டம்புக்கு வருவோம். சிறிய மினி டம்பை மட்டும் கொண்டுபோவது கிட்டத்தட்ட வீண். கணினி தொங்கிப் போகும் சிக்கல்களில் மற்ற த்ரெட்களின் (இணையாக ஓடும் பணிகளின்) ஸ்டாக் (அழைப்புகளின் அடுக்கு) தெரிந்தால்தான் கதை புரியும், மினி டம்பில் அது இருக்காது. கர்னல் டம்ப் எடுங்கள். முழு நினைவக டம்ப் வேண்டாம். பயனர் நிரல்களின் நினைவகமும் அதில் வந்துவிடும், பக்கத்து மேசையில் போட்டியாளர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் அதைத் திறப்பது சரியல்ல. டம்ப் முதலில் பேஜ் ஃபைலில்தான் (நினைவகத்துக்குத் துணையாக வட்டில் உள்ள கோப்பு) எழுதப்படுகிறது. பேஜ் ஃபைல் சிறியதாக இருந்தாலோ, சிக்கல் உள்ள டிரைவரே பூட் வட்டை இயக்கும் சேமிப்பக டிரைவராக இருந்தாலோ டம்ப் விழாது. அப்போது பூட் வட்டை வேறு கன்ட்ரோலருக்கு மாற்றிவிட்டு, சோதனைப் பொருளை இரண்டாம் வட்டாக வைத்து மறுபடி முயல வேண்டும்.

டம்போடு பிடிபி கோப்பும் (உங்கள் டிரைவரின் சிம்பல்கள் இருப்பது) போக வேண்டும், அந்த பில்டிலேயே உருவானது. மூலக் குறியீட்டில் ஒரு எழுத்துகூட மாறவில்லை என்று சொல்லி மறுபடி பில்டு செய்து எடுத்த பிடிபி உதவாது. விண்டிபிஜி என்ற டீபக்கர் (பிழை தேடும் கருவி) ஒப்பிடுவது அதற்குள் இருக்கும் அடையாள எண்ணை, அது ஒவ்வொரு பில்டிலும் புதிதாகப் பிறக்கும். மைக்ரோசாஃப்ட்டின் சிம்பல்களையும் கிளம்புமுன் உள்ளூர்க் கோப்புறைக்கு இறக்கி வையுங்கள். மாநாட்டு அரங்கின் வைஃபையை நம்பி சிம்பல் சர்வரைக் கேட்டால் டீபக்கர் பதில் சொல்வதற்குள் உங்கள் முறை முடிந்துவிடும்.

உதாரணமாக, உறக்கத்துக்குப் போகும்போது விழும் ஸ்டாப் கோடு (நீலத்திரைப் பிழை எண்) 9எஃப். லேப் மேசைக்கு அதிகம் வருபவற்றுள் இது ஒன்று. முதல் அளவுரு 3 என்றால் ஏதோ ஒரு சாதனம் ஓர் ஐஆர்பியை (டிரைவர்களிடையே கைமாறும் கோரிக்கைப் பொதி) விடாமல் பிடித்து வைத்திருக்கிறது என்று பொருள். இரண்டாவது அளவுரு அந்தச் சாதனத்தின் பிடிஓ, அதாவது கர்னலில் அதைக் குறிக்கும் அடிப்படை ஆப்ஜெக்ட். நான்காவது, சிக்கிய ஐஆர்பியின் முகவரி. அந்த முகவரியை டீபக்கரின் ஐஆர்பி கட்டளைக்குக் கொடுத்தால் அந்தச் சாதனத்தின் டிரைவர் அடுக்குகள் வரும், எந்த அடுக்கில் அம்புக்குறி நிற்கிறதோ அந்த டிரைவர்தான் கையில் வைத்திருக்கிறது. அது உங்கள் டிரைவர் என்றால், மைக்ரோசாஃப்ட்டின் கேஎம்டிஎஃப் ஃபிரேம்வொர்க்கில் எழுதியது என்றால், முதலில் பார்க்க வேண்டியது பவர் மேலாண்மை உள்ள க்யூக்களை (கோரிக்கை வரிசைகளை). சாதனம் டி0 (முழுதாக இயங்கும்) நிலையைவிட்டு இறங்கும்போது, டிரைவர் கையில் எடுத்து இன்னும் முடிக்காத ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஃபிரேம்வொர்க் ஐஓ ஸ்டாப் கால்பேக்கை (டிரைவரில் நீங்கள் எழுதி வைக்கும் செயற்கூறு) அழைக்கும். அங்கே கோரிக்கையை முடிக்க வேண்டும், அல்லது ரத்து செய்ய வேண்டும், அல்லது ஸ்டாப் அக்னாலெட்ஜ் (நிறுத்தத்துக்கு ஒப்புதல்) கொடுக்க வேண்டும். இந்தக் கால்பேக்கையே எழுதாமல் விட்டிருந்தால், கோரிக்கை தானாக முடியும்வரை ஃபிரேம்வொர்க் காத்துக்கொண்டிருக்கும். சென்சாரிலிருந்து தரவு வந்தால்தான் முடியும் ரீட் கோரிக்கை என்றால் அது ஒருபோதும் முடியாது, 9எஃப் விழும். இவ்வளவையும் வீட்டிலேயே பார்த்து முடித்தவர் லேபில் அடுத்த கேள்வியைக் கேட்கலாம்: அக்னாலெட்ஜ் கொடுத்த பிறகு கோரிக்கை மீண்டும் க்யூவுக்குத் திரும்பினால் கோரிக்கைகளின் வரிசை மாறுமா, என் ஃபர்ம்வேர் (சாதனத்துக்குள் ஓடும் மென்பொருள்) அதைத் தாங்குமா என்று. அந்த மாதிரிக் கேள்விக்குத்தான் ஆள் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார்.

கணினி விழாமல் உறைந்து மட்டும் போகிறதென்றால் டம்பை நாமே வரவழைக்க வேண்டும். விசைப்பலகையில் வலது கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு ஸ்க்ரோல் லாக்கை இரண்டு முறை அழுத்தும் வழி உண்டு, ரெஜிஸ்ட்ரியில் முன்பே இயக்கி வைத்திருந்தால். மடிக்கணினிகள் பலவற்றில் ஸ்க்ரோல் லாக் விசையே இல்லை. வெளி விசைப்பலகை ஒன்றைப் பையில் போடுங்கள். உங்கள் சிக்கலே யுஎஸ்பி கன்ட்ரோலரில் என்றால் இந்த வழி கைகொடுக்காது, நேரடி டீபக்கிங்தான் (இன்னொரு கணினியிலிருந்து இதற்குள் பார்ப்பது) வேண்டும்.

நேரடி டீபக்கிங்குக்கு கேடிநெட் (நெட்வொர்க் வழி டீபக்கிங்) போதும். ஆனால் எல்லா நெட்வொர்க் அட்டையும் அதை ஆதரிப்பதில்லை, இலக்குக் கணினியின் அட்டை ஆதரவுப் பட்டியலில் உண்டா என்று முன்பே பார்த்துவிடுங்கள். அரங்கின் நெட்வொர்க்கில் இதைச் செருக வேண்டாம். டிஎச்சிபி (தானாக ஐபி முகவரி) தரும் சிறிய ரௌட்டர் ஒன்றும் இரண்டு ஈதர்நெட் கேபிள்களும் இருந்தால் தனி வலையமைப்பு தயார். போர்ட் 50000 வழக்கம். ஹோஸ்ட் (டீபக்கர் ஓடும்) கணினியின் ஃபயர்வால் விண்டிபிஜியைத் தடுத்துவிட்டு மௌனமாக இருக்கும், "காத்திருக்கிறேன்" என்ற வரி மட்டும் திரையில் நிற்கும். இணைப்பு வராதபோது பலரும் இணைப்புச் சாவியைத்தான் மாற்றிக்கொண்டிருப்பார்கள், ஃபயர்வாலைப் பார்ப்பதில்லை. ஈதர்நெட் இல்லாத மெல்லிய கணினிகளுக்கு யுஎஸ்பி 3 டீபக் கேபிள் தேவை. இரண்டு பக்கமும் ஏ முனை, உள்ளே விபஸ் (மின்சாரம் தரும்) கம்பி இல்லாதது. கடையில் கிடைக்கும் சாதாரண ஏ-ஏ கேபிளில் விபஸ் இருக்கும், அதைச் செருகினால் இரண்டு கணினிகளின் மின்வழங்கிகளும் ஒன்றோடொன்று மோதும்.

சீரியல் கன்வெர்ட்டர் எடுத்துப்போகிறவர்கள் பலகையின் மின்னழுத்தத்தைக் கன்வெர்ட்டரிலேயே எழுதி ஒட்டுங்கள். 1.8 வோல்ட் யுஏஆர்டியில் (பலகையின் சீரியல் போர்ட்) 5 வோல்ட் கன்வெர்ட்டரைச் செருகினால் மாநாடு அங்கேயே முடிந்தது.

பூட் அமைப்பைத் தொடுமுன், வட்டைக் குறியாக்கம் செய்யும் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். செக்யூர் பூட்டை அணைத்தாலோ டீபக்கை இயக்கினாலோ அடுத்த தொடக்கத்தில் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது அலுவலகத்தில் யாரிடமோ இருக்கும், அங்கே அப்போது நள்ளிரவாக இருக்கும்.

டிரைவரின் தவறுகளை வலிந்து வெளியே கொண்டுவரும் டிரைவர் வெரிஃபையரை ஓட்டாமல் மாநாட்டுக்கு வருவது மரியாதை இல்லை, லேபில் முதல் கேள்வியே அதுதான். உங்கள் டிரைவர் மீது மட்டும் வழக்கமான (ஸ்டாண்டர்டு) அமைப்போடு இயக்குங்கள். எல்லா டிரைவர்கள் மீதும் போட்டால் கணினி ஊர்ந்து போகும், வேறு யாருடைய பிழையோ சி4 ஸ்டாப் கோடாக முதலில் வந்து விழும். வள வறட்சியைப் போலச் செய்யும் அமைப்பைத் தனியாகக் கடைசியில் ஓட்டுங்கள். நினைவக ஒதுக்கீடு தோற்றால் என்ன செய்வது என்று எழுதாத இடமெல்லாம் அதில்தான் வெளியே வரும். கர்னல் குறியீட்டைப் பாதுகாக்கும் மெமரி இன்டெக்ரிட்டியை இயக்கிய கணினியிலும் டிரைவர் ஏறுகிறதா என்று பார்த்துவிடுங்கள். எழுதவும் இயக்கவும் முடிந்த நினைவகத்தை அது அனுமதிக்காது, பழைய நான்பேஜ்டு பூல் ஒதுக்கீடு குறியீட்டில் இருந்தால் என்எக்ஸ் (இயக்க முடியாத) வகைக்கோ, விண்டோஸ் 10-இன் 2004 பதிப்பில் வந்த அலோகேட் பூல் 2-க்கோ மாற்ற வேண்டும். மைக்ரோசாஃப்ட்டின் எச்எல்கே சான்றளிப்புச் சோதனைகளை அரங்கில் ஓட்ட நினைக்க வேண்டாம், மணிக்கணக்கில் போகும். தோற்ற சோதனையின் பொதியை மட்டும் எடுத்துப்போனால் போதும்.

யுஎஸ்பி பொருளை பிளக்ஃபெஸ்ட்டுக்கு (பல நிறுவனங்களின் பொருள்களை ஒன்றோடொன்று செருகிப் பார்க்கும் பட்டறை) கொண்டுபோகிறவர்கள் ஹப் அடுக்கை வீட்டிலேயே கட்டிப் பாருங்கள். விதிப்படி ஐந்து ஹப்கள் வரை தொடராக வரலாம், யுஎஸ்பி 2.0 கேபிள் 5 மீட்டர் வரை. மேசையில் நேரடியாகச் செருகியபோது ஓடிய பொருள் ஐந்தாம் ஹப்புக்குப் பின்னால் படுத்துவிடுவது சாதாரணம். பஸ்ஸிலிருந்தே மின்சாரம் எடுக்கும் ஹப் ஒரு போர்ட்டுக்கு 100 மில்லியாம்பியர்தான் தரும். உங்கள் டிஸ்கிரிப்டரில் (பொருள் தன்னைப் பற்றி ஹோஸ்டுக்குச் சொல்லும் தகவல்) பழக்கத்தால் 500 என்று எழுதியிருந்தால், உண்மையில் 80 எடுத்தாலும் ஹோஸ்ட் அதைக் கான்ஃபிகர் செய்யாது. உறக்கத்திலிருந்து எழும் நேரமும் கவனம். ரெஸ்யூம் முடிந்து 10 மில்லி நொடிக்குள் பொருள் பதில் சொல்லத் தயாராக இருக்க வேண்டும், பிஎல்எல் (கடிகாரச் சுற்று) நிலைப்பட அதைவிட நேரம் எடுக்கும் ஃபர்ம்வேர் ஒரு ஹோஸ்டில் ஓடும், இன்னொன்றில் காணாமல் போகும். எல்லா மாதிரிகளுக்கும் ஒரே தொடர் எண் போட்டு வராதீர்கள். இரண்டையும் ஒரே விண்டோஸ் கணினியில் செருகினால் எது எதுவென்று குழம்பும்.

முதல் சந்திப்புக்கு முன் ஃபர்ம்வேரை உறையவிடுங்கள். காலையில் ஒரு பிழை தெரிந்தது, மதியத்துக்குள் சரிசெய்தோம் என்று புது பைனரியைப் போட்டுவிட்டால் காலையில் நடந்த சோதனைகள் எல்லாம் எந்தப் பதிப்பைச் சேர்ந்தவை என்று யாருக்கும் தெரியாது. திருத்தத்தைத் தனிப் பலகையில் போட்டு, அதன் கிட் கமிட் எண்ணை (குறியீட்டு மாற்றத்தின் அடையாளம்) பலகையிலேயே ஒட்டுங்கள்.

லினக்ஸ் பக்கம் சடங்கு குறைவு, எதிர்பார்ப்பு அதிகம். கேஏசான் (நினைவகப் பிழைக்கு), லாக்டெப் (பூட்டுப் பிழைக்கு) என்ற கண்டறியும் வசதிகள் இரண்டையும் இயக்கிய கர்னலில் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். எந்த கமிட்டில் உடைந்தது என்று பைசெக்ட் செய்திருக்க (கமிட்களைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடியிருக்க) வேண்டும். சஸ்பெண்ட் சிக்கல் என்றால் பிஎம் டெஸ்ட் என்ற சஸ்பெண்ட் சோதனையின் படிகளை ஃப்ரீசர், டிவைசஸ், பிளாட்ஃபார்ம் என்று ஒவ்வொன்றாக ஓட்டி எந்தப் படியில் தொங்குகிறது என்று எழுதி வாருங்கள். விவாதிக்க விரும்பும் மாற்றத்தை ஆர்எஃப்சி (கருத்துக் கேட்கும்) பேட்சாகச் சில வாரங்கள் முன்பே அனுப்பிவிடுங்கள். பராமரிப்பவர் அறையில் தலையாட்டினாலும் முடிவு எழுத்தில்தான் நடக்கும். முன்பே படித்தவர் இருந்தால்தான் தலையாட்டலுக்கே அர்த்தம் உண்டு.

இப்போது அட்டவணையைத் திறக்கலாம். தொடக்க உரையை விட்டுவிடலாம், அது செய்தியாளர்களுக்கானது. பவர், டிஎம்ஏ ரீமேப்பிங் (சாதனம் நேரடியாகத் தொடும் நினைவகத்தைக் கட்டுப்படுத்துவது), கையொப்ப விதி மாற்றம் போன்ற, உங்கள் பொருளை உடைக்கக்கூடிய தலைப்புகளுக்கு நேரில் போங்கள். முன் வரிசையில் உட்கார்ந்து, முடிந்ததும் பேச்சாளரை மேடையோரத்தில் பிடிக்க வேண்டும். "அடுத்த பதிப்பில் இது வருமா" என்று கேட்டால் சிரிப்புத்தான் பதில். "டிஎம்ஏ ரீமேப்பிங்குக்கு ஒத்துப்போவதாக ஐஎன்எஃப் நிறுவல் கோப்பில் அறிவித்தோம், ஆனால் டிரைவர் லாஜிக்கல் முகவரிக்குப் பதில் பௌதிக முகவரியைச் சாதனத்துக்குக் கொடுக்கும் ஒரு பழைய பாதை உள்ளது, அதை எந்தச் சோதனை பிடிக்கும்" என்று கேட்டால் பெயரட்டை கிடைக்கும். அட்டையின் பின்னால் கேள்வியையும் டம்ப் கோப்பின் பெயரையும் அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள்.

கிளம்பும் நாளில் இரவல் கணினிகளில் விட்ட டம்ப், பிடிபி, டிரைவர் பொதி மூன்றையும் அழித்து, விண்டோஸ் டிரைவர் பொதிகளைச் சேர்த்து வைக்கும் டிரைவர் ஸ்டோரிலிருந்தும் நீக்குங்கள். சாதனத்தை மட்டும் அன்இன்ஸ்டால் செய்தால் பொதி உள்ளேயே தங்கிவிடும். சொந்தக் கணினியில் வெரிஃபையரை ரீசெட் செய்து, டெஸ்ட் கையொப்பத்தையும் டீபக்கையும் அணைத்து, செக்யூர் பூட்டை இயக்கி, ஒருமுறை முழுதாகத் தொடங்கிப் பார்த்த பிறகு பிட்லாக்கரைத் திரும்பப் போடுங்கள். இந்த வரிசை முக்கியம்: பிட்லாக்கரை முதலில் போட்டால் அந்த 48 இலக்கத்தை விமான நிலையத்தில் தேட வேண்டியிருக்கும்.