கடலைப் பார்க்கும் ஆமைகள்

காரைக்குடியிலிருந்து பல்லவன் ரயிலில் வந்து தாம்பரத்தில் இறங்கியபோது நடுப்பகல். கத்திரி வெயில் உச்சியைப் பிளந்தது. பெசன்ட் நகரில் சித்தி மகள் வீடு. "குப்பத்துப் பக்கம் பிள்ளைகள் சுவரில் டைல்ஸ் ஓவியம் செய்கிறார்கள். விடியற்காலையிலேயே போய்விடலாம் அக்கா" என்றாள்.

ஆறு மணிக்கே இருபது பிள்ளைகள் கூடியிருந்தார்கள். கோடை விடுமுறைக் கலை முகாம். வெயில் ஏறுமுன் பத்து மணிக்குக் கலைந்துவிடுவார்களாம். கடைகளில் மிஞ்சிய, உடைந்த டைல்ஸ்களைச் சாக்குப் போட்டு மூடிச் சுத்தியலால் தட்டுகிறார்கள். பிறகு குறடால் ஓரம் கடிக்கிறார்கள். சென்னை மொட்டை மாடிகளில் வெயிலுக்குப் பதிக்கும் அதே உடைசல்தான். இங்கே அது ஆமை ஓடாகிறது.

பங்குனி ஆமை என்னும் கடலாமையைத்தான் வரைய வேண்டும் என்பது பிள்ளைகளே எடுத்த முடிவு. ஜனவரி முதல் மார்ச் வரை இந்தக் கரையில் அவை முட்டையிட வரும். 1988 முதல் மாணவர்கள் இரவெல்லாம் மணலில் நடந்து முட்டைகளை எடுத்து, வேலியிட்ட பொரிப்பகத்தில் புதைத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். இந்தப் பிள்ளைகளில் பலர் அதை உடன் நின்று பார்த்தவர்கள்.

வேலை முறையைப் பார்த்ததும் எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. படம் வரைந்த காகிதத்தில் மைதாப் பசை தடவி, டைல்ஸ் துண்டுகளை முகம் கீழே இருக்கும்படி ஒட்டுகிறார்கள். காய்ந்ததும் காகிதத்தோடு தூக்கிச் சுவரின் ஈரச் சாந்தில் அழுத்தி, சாந்து பிடித்த பின் காகிதத்தை நனைத்து உரிக்கிறார்கள். எங்கள் பக்கத்து ஆத்தங்குடியில் செய்யும் தரைக்கல்லும் இப்படித்தான்: கண்ணாடியின் மேல் அச்சு வைத்து வண்ணத்தை ஊற்றி, அதன் மேல் சிமென்ட் போடுவார்கள். கண்ணாடியிலிருந்து எடுக்கும் வரை கல்லின் முகத்தை யாரும் பார்க்க முடியாது. சின்ன வயதில் அந்த ஒரு நொடிக்காகவே பட்டறை வாசலில் காத்துக் கிடந்திருக்கிறேன்.

ஆனால் இந்த முறையில் படம் இடவலம் மாறிவிடும். சுவரைப் பார்த்து நின்றால் வலப்பக்கம் கடல். குஞ்சுகள் அந்தப் பக்கம் போக வேண்டுமானால் காகிதத்தில் இடப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். நான் போன அன்று ஒரு காகிதத்தை உரித்தபோது, அதிலிருந்த குஞ்சு மட்டும் சாலையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தது. அதைச் செய்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணின் முகம் சுருங்கிவிட்டது.

"சாந்து இன்னும் இறுகவில்லை பாப்பா, பெயர்த்துவிடலாம்" என்றார் கொத்தனார்.

அவள் வெகுநேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "வேண்டாம் அண்ணா. இது தெருவிளக்கைப் பார்த்துவிட்டது" என்றாள்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. குஞ்சுகள் வெளிச்சமான அடிவானத்தை நோக்கித்தான் நகரும். இருட்டில் மின்னும் கடல்தான் அவற்றுக்கு வழிகாட்டி. ஊரின் விளக்குகள் அதைவிடப் பிரகாசமாக எரிந்தால் குஞ்சுகள் தெருப்பக்கம் திரும்பிவிடும். அந்தக் குப்பத்துப் பெண்ணுக்கு இதைப் புத்தகம் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

உடனே எல்லோரும் மஞ்சள் துண்டு தேடினார்கள். அரை மணி நேரத்தில் குஞ்சின் முன்னால் ஒரு விளக்குக் கம்பம் எழுந்தது. அதன் பக்கத்தில், குனிந்து கை நீட்டும் ஒரு பையனையும் சேர்த்தார்கள். அவன் சட்டைக்கு நீலம் போதவில்லை. ஒரு சிறுவன் வீட்டுக்கு ஓடிப்போய் உடைந்த பீங்கான் தட்டு ஒன்றைக் கொண்டுவந்தான்.

மறுநாளும் போனேன். கொத்தனார் இடுக்குகளில் வெள்ளைச் சிமென்ட் தேய்த்திருந்தார். சுவர் முழுக்க வெண்பூச்சு, ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பெண் ஈர ஸ்பாஞ்சால் தன் குஞ்சை மட்டும் மெல்லத் துடைத்தாள். முதலில் வெளியே வந்தது, கண்ணுக்காக அவள் பதித்திருந்த கறுப்பு வளையல் துண்டு.