அட்டெண்டன்ஸ் கேட்காத ஊரில் ஒரு செமஸ்டர்

ஜெர்மனியில் மாணவர் எக்ஸ்சேஞ்சில் ஒரு செமஸ்டர் இருந்துவிட்டு வந்தேன் என்றால் எல்லோரும் கேட்பது இரண்டே கேள்விதான்: பனி பார்த்தியா, பாரிஸ் போனியா. பனி கொஞ்சம் பார்த்தேன், பாரிஸும் போனேன், ஈஃபில் கோபுரம் போட்டோவில் இருக்கிற மாதிரியே இருக்கிறது. சரி, அதை விடுங்கள். நான் இருந்தது ஆஹன் என்ற ஊரில். ஜெர்மனியின் மேற்கு ஓரம், ஒரு பக்கம் பெல்ஜியம், ஒரு பக்கம் நெதர்லாந்து, தலைக்கு மேலே எப்போதும் தூறல். மக்கள்தொகை சுமார் இரண்டரை லட்சம், அதில் ஆர்டபிள்யூடிஹெச் என்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மட்டும் 40,000 பேருக்கு மேல் படிக்கிறார்கள். தடுக்கி விழுந்தால் ஒரு மாணவர் மேல்தான் விழ வேண்டும்.

75 சதவீத அட்டெண்டன்ஸ், குறைந்தால் கண்டோனேஷன் என்ற விலக்கு, இன்டர்னல் மார்க், மாடல் எக்ஸாம், லீவுக்கு எச்ஓடி, அதாவது துறைத் தலைவர் கையெழுத்து என்றே வளர்ந்த எனக்கு அங்கே வகுப்பு நடக்கிற விதமே புதிது. 10 மணி என்று போட்டிருந்தால் 10.15-க்குத்தான் ஆரம்பிக்கும், அந்தக் கால் மணி நேரம் பழைய காலத்திலிருந்து வருகிற வழக்கம், தாமதம் என்று யாரும் நினைப்பதில்லை. ஒன்றரை மணி நேரம் பேராசிரியர் பேசுவார், முடித்ததும் எல்லோரும் விரல் முட்டியால் மேசையைத் தட்டுவார்கள், அதுதான் அவர்கள் கைதட்டல். முதல் தடவை கேட்டபோது ஏதோ கலாட்டா என்றுதான் நினைத்தேன். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று எந்தப் பதிவேடும் கிடையாது. தூங்கினாலும் சரி, பாதியில் எழுந்து போனாலும் சரி, ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள்.

அக்டோபர் முழுக்க இது கொண்டாட்டமாக இருக்கும். நவம்பர் நடுவில் மெல்ல உறைக்கும்: நம்மைத் தூக்கிவிட இன்டர்னல் என்று ஒன்றும் இல்லை, நான் எடுத்த பாடங்களில் பெரும்பாலானவற்றுக்கு பிப்ரவரியில் ஒரே ஒரு பரீட்சை, மொத்த மார்க்கும் அதில்தான். இதில் இன்னொரு சிக்கல், பாடத்துக்குப் பதிவு செய்வது வேறு, பரீட்சைக்குப் பதிவு செய்வது வேறு. இரண்டாவதற்குக் கடைசித் தேதி போய்விட்டால் நீங்கள் எவ்வளவு படித்திருந்தாலும் அந்த அறைக்குள் உங்களுக்கு இடம் கிடையாது. யாரும் கூப்பிட்டு நினைவுபடுத்தவும் மாட்டார்கள். நம் ஊரில் டிபார்ட்மென்ட் கிளார்க் அண்ணன் வகுப்புக்கே வந்து "இன்னும் பீஸ் கட்டாதவங்க யாரு?" என்று கத்துவாரே, அந்தச் சத்தத்தின் அருமை எனக்கு அங்கேதான் தெரிந்தது.

கிளாசுக்கு வந்தாயா என்று கேட்க ஆளில்லாத அதே ஊரில், குப்பையை எதில் போட்டாய் என்று கேட்க ஆள் உண்டு. பேப்பர் ஒன்று, பிளாஸ்டிக் பேக்கேஜிங் ஒன்று, காய்கறித் தோல் ஒன்று, மிச்சம் மீதி ஒன்று. கண்ணாடிப் பாட்டிலைத் தெருமுனைத் தொட்டியில் வெள்ளை, பச்சை, பழுப்பு என்று நிறம் பார்த்துப் போட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை போடவே கூடாது, உடைகிற சத்தம் அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவாம். எங்கள் விடுதியைப் பராமரிக்கும் ஹவுஸ்மைஸ்டர் ஒருநாள் என் எதிரிலேயே பேக்கேஜிங் போடும் மஞ்சள் பையிலிருந்து ஒரு தயிர் டப்பாவை எடுத்து, அதன் அலுமினிய மூடியை மெதுவாக முழுசாகப் பிய்த்து, டப்பாவைத் தனியாகவும் மூடியைத் தனியாகவும் அதே மஞ்சள் பைக்குள் திரும்பப் போட்டார். இரண்டும் ஒரே பைதான்! ஒட்டிக்கொண்டிருந்தால் இயந்திரத்தால் பிரிக்க முடியாதாம். கோபமே இல்லை, பாடம் நடத்துகிற முகம். எந்தப் பேராசிரியரும் என்னிடம் தனியாக இவ்வளவு நேரம் செலவழித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கடைகள் கிடையாது, சட்டப்படி மூடல். பேக்கரி சில மணி நேரம் திறந்திருக்கும், ரயில் நிலையத்தில் ஏதாவது கிடைக்கும், அவ்வளவுதான். அதனால் சனிக்கிழமை சாயங்காலம் சூப்பர் மார்க்கெட் போனால் மறுநாள் ஊரடங்கு என்பது போலக் கூட்டம் இருக்கும். ஆனால் ஆஹன் மாணவர்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. எல்லைக்கு அந்தப் பக்கம் வால்ஸ் என்று ஒரு சின்ன டச்சு ஊர், அங்கே ஞாயிற்றுக்கிழமையும் கடை திறந்திருக்கும். எல்லை வரை பஸ்ஸில் போய் இறங்கி, கொஞ்சம் நடந்தால் வேறு நாடு. வெங்காயம் தீர்ந்துவிட்டது என்று வெளிநாடு போய் வருகிற சுகம் எனக்குக் கடைசி வரை அலுக்கவில்லை. சில நாள் திரும்பும்போது ஜெர்மன் போலீஸ் நிறுத்திப் பார்ப்பார்கள், எனவே வெங்காயத்துக்கும் பாஸ்போர்ட் வேண்டும். டச்சுக் கடையில் சம்பல் என்ற நல்ல காரமான மிளகாய் விழுது கிடைக்கும், இந்தோனேசியாவை ஆண்ட காலத்து மிச்சம். ஆனால் பாட்டிலுக்குக் கட்டிய டெபாசிட் திரும்ப வேண்டுமென்றால், அங்கே வாங்கிய பாட்டிலை அங்கேயேதான் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஜெர்மன் கடை மெஷின் தன் பாட்டிலுக்கு 25 சென்ட் தரும், டச்சுப் பாட்டிலை உள்ளே இழுத்துப் பார்த்துவிட்டு வெளியே தள்ளிவிடும்.

சமையலறை எங்கள் மாடிக்கே பொது. ஃபிரிட்ஜில் ஆளுக்கு ஒரு தட்டு, சுவரில் இந்த வாரம் யார் துடைக்க வேண்டும் என்ற அட்டவணை. நான் கடுகு தாளித்தபோது ஒரு ஸ்பெயின்காரன் ஓடி வந்து "என்ன வெடிக்குது?" என்றான். அப்புறம் தினமும் அந்த நேரத்துக்குச் சரியாகத் தண்ணீர் எடுக்க வருவான். நம் ஊர்த் தயிர் மாதிரி கிடைக்காத பிரச்சினையைத் தீர்த்து வைத்தது அதே மாடியில் இருந்த துருக்கிப் பெண். சூப்பர் மார்க்கெட் தயிரைத் தொடாதே என்று சொல்லி, துருக்கிக் கடைக்கே கூட்டிப்போய், 10 சதவீதக் கொழுப்பு உள்ள ஒரு கிலோ வாளியைக் கையில் கொடுத்தாள். வெண்டைக்காய், பச்சை மிளகாய், கட்டுக் கட்டாகக் கொத்தமல்லி எல்லாம் அங்கேயே இருந்தது. மதியம் மட்டும் மென்சா, அதாவது மாணவர் உணவகம். சைவத்துக்குத் தனி வரிசை உண்டு, வயிறு நிறையும், உப்பு காரம் பற்றி எதுவும் கேட்காதீர்கள்.

அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பியதும் நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம் ஆகிவிடும். வகுப்பு முடிந்து ஆறு மணிக்கு நான் வெளியே வந்தால் வீட்டில் பத்தரை, அம்மா தூங்கியிருப்பார். டிசம்பரில் காலை எட்டரைக்குத்தான் விடியும், நாலரைக்கு இருட்டிவிடும், அதனால் அம்மாவுடன் பேச்செல்லாம் காலை இருட்டில் பஸ் ஸ்டாப்பில்தான். தீபாவளியன்று ஒரு ஊசிவெடிச் சத்தம்கூட இல்லை. அங்கே பட்டாசு விற்பதே வருடக் கடைசியில் சில நாள்தான். டிசம்பர் 31 இரவு பார்த்தால், கண்ணாடி உடைகிற சத்தத்துக்கு ஆட்சேபம் சொன்ன அதே மனிதர்கள் நடுத்தெருவில் நின்று ராக்கெட் விட்டுக்கொண்டிருந்தார்கள். நம்மூர் மாதிரியே காலையில் தெரு முழுக்கக் காகிதக் குப்பை. அன்றைக்கு மட்டும் எந்தப் பை என்று யாரும் கேட்கவில்லை.

பிப்ரவரிப் பரீட்சை ஒரு மாதிரி முடிந்தது. அங்கே 1.0 என்றால் உச்சம், 4.0 வரை பாஸ், 5.0 ஃபெயில். எனக்கு ஒரு பாடத்தில் 1.7 வந்ததைச் சந்தோஷமாகச் சொன்னால் அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு "அரியர் உண்டா?" என்றார்.

இப்போது ஜூனியர்கள் மெசேஜ் போட்டுக் கேட்பது பெரும்பாலும் ஒரே சந்தேகம்தான்: குக்கர் எடுத்துப் போகலாமா? போகலாம், மூன்று லிட்டர் போதும். ஆனால் விடுதியில் என்ன அடுப்பு என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், இண்டக்ஷன் என்றால் சாதாரண அலுமினியக் குக்கர் சூடே ஆகாது. கேஸ்கெட் ஒன்று கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் விசில் வேண்டாம்.